அத்தைக்கு அம்புலன்ஸ்லயே டியூப் போட்டிருக்கணுமா?

தம்பி, நீங்க எழுதினதை ரெண்டு மூணு தடவை வாசிச்சுட்டுதான் பதில் எழுத உக்காந்தேன். வாசிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ங்கிறதால உங்க கதையை முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன். இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டம், அத்தைக்கு 49 வயசு, பிரஷர் இருக்கு ஆனா மாத்திரை ஒழுங்கா போடுறதில்ல. ரெண்டு நாளா தலைசுத்து, வாந்தி, ஒண்ணு ரெண்டா தெரியுதுன்னு வேற சொல்லியிருக்காங்க, டிஸ்பென்சரியில பித்தம்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. மூணாவது நாள் விடிய பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு பேர் குடுக்க, கிளம்புறப்ப வீட்டு இஸ்தோப்புலயே (திண்ணையிலயே) விழுந்து ரெண்டு கையும் விறைச்சு நாலஞ்சு தடவை வெட்டி இழுத்துச்சு, அப்புறம் கண்ணு தொறந்தபடியே கிடந்தாங்க, வாயில நுரை, கொறட்டை மாதிரி மூச்சு. 1990 நம்பருக்கு கூப்பிட்டா வர்ற அம்புலன்ஸ் வண்டி வந்துச்சு. வந்தவரு வாயை உறிஞ்சி எடுத்தாரு, விரல்ல குத்தி சீனி பாத்தாரு, கண்ணுல டோர்ச் அடிச்சாரு, மாமாகிட்ட "மருந்து ஏதும் குடிச்சாங்களா"ன்னு கேட்டாரு, வாயில ஒரு வளைஞ்ச பிளாஸ்டிக்கை வச்சு உடனே எடுத்துட்டு மூக்குல ஒரு ரப்பர் குழாயை விட்டாரு, மாஸ்க் வச்சு பையை அமுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாரு. வாய் வழியா மூச்சுக்குழாய்க்குள்ள விடுற டியூப்பை அங்க போனதுக்கு அப்புறம்தான் போட்டாங்க. இப்போ கண்டியில ஐசியுல இருக்காங்க, கண்ணு தொறந்திருக்கு, கூப்பிட்டா ஒண்ணும் இல்ல. "வெளிநாட்டுல அம்புலன்ஸ்ல வர்ற பரமெடிக்மார் வீட்டுலயே டியூப் போடுறாங்க, இவங்க போடாததாலதான் மூளைக்கு காத்து போகாம இப்படி ஆச்சா"ன்னு கேட்டிருக்கீங்க.

இல்ல தம்பி. நீங்க எழுதினது அப்படியே நடந்திருந்தா அந்த வண்டியில வந்தவரு செய்ய வேண்டியதை செஞ்சிருக்காரு. நான் 19 வருஷமா நர்ஸ், அதுல பெரும்பகுதி ஈடியுங்கிற அவசர சிகிச்சைப் பிரிவு, ஐசியு, மலையில இருந்து கண்டிக்கு எத்தனையோ நோயாளிங்களோட ட்ரான்ஸ்பர் வண்டியில போயிருக்கேன், நானும் தோட்டத்து லயன் வீட்டுல பொறந்தவதான். அத்தையை நான் பாக்கல, அவங்களை பாக்குற டொக்டர்மார் சொல்றதுதான் கடைசி பேச்சு, அதை மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தை வாசிங்க.

முதல்ல அந்த மூச்சு. மயங்கினவங்க கொறட்டை விடுற மாதிரி மூச்சு விட்டா வீட்டுல எல்லாரும் "தூங்குறாங்க"ன்னு நினைப்பாங்க, ஆனா அது நாக்கு தளர்ந்து பின்னால சரிஞ்சு தொண்டையை பாதி அடைக்கிற சத்தம். அதுக்கு மேல களகளன்னு தண்ணி கொதிக்கிற மாதிரி கேட்டா அங்க எச்சியோ வாந்தியோ தேங்கியிருக்குன்னு அர்த்தம். மூளைக்கு காத்து போகாம பண்றது இந்த ரெண்டும்தான், இந்த ரெண்டுக்கும் டியூப் தேவையே இல்ல. வாயை உறிஞ்சி எடுத்து, கீழ்த்தாடையை ரெண்டு கையாலயும் முன்னால தள்ளி, காது ஓட்டை நெஞ்செலும்பு மட்டத்துக்கு வர்ற மாதிரி தலைக்கு அடியில துணியை மடிச்சு வச்சாலே பாதி பேருக்கு மேல மூச்சு தெளிஞ்சிரும். ஈடியுல பாத்திருக்கேன், ஒக்சிஜன் அளக்குற மெஷின்ல 80ன்னு காட்டிக்கிட்டு இருக்கும், தாடையை ஒருத்தர் சரியா பிடிச்சதும் ஒரு நிமிஷத்துல 95, 96ன்னு ஏறும். அந்த கையை எடுத்தா மறுபடி இறங்கும். இதுக்கு பேரு இல்ல, பெருமை இல்ல, படமும் யாரும் எடுக்க மாட்டாங்க, ஆனா உசிரை காப்பாத்துறது அதுதான்.

வாயில வச்சு எடுத்த வளைஞ்ச பிளாஸ்டிக்கை பத்தி கேட்டிருந்தீங்க. அது நாக்கு பின்னால சரியாம பிடிச்சு வைக்கிற சாமான், வாய் ஓரத்துல இருந்து தாடை மூலை வரைக்கும் அளந்து பொருத்தமானதை எடுப்பாங்க. முழு மயக்கத்துல இருக்கிறவங்க அதை தாங்குவாங்க, தொண்டையில கொஞ்சமாவது உணர்வு இருந்தா ஓங்கரிப்பு வரும், ஓங்கரிச்சா வாந்தி வரும், வாந்தி வந்தா அது நெஞ்சுக்குள்ள போகும். அத்தை ஓங்கரிச்சிருக்காங்க, அதனாலதான் உடனே எடுத்துட்டாரு, எடுத்துட்டு மூக்கு வழியா மென்மையான ரப்பர் குழாயை விட்டிருக்காரு, அதை ஓங்கரிப்பு இருக்கிறவங்களும் தாங்குவாங்க. "வச்சுட்டு எடுத்துட்டாரு, வேலை தெரியல போல"ன்னு நீங்க எழுதியிருந்தீங்க, ஆனா அந்த ஒரு செக்கன்ல அவருக்கு ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கு, அத்தையோட தொண்டை இன்னும் முழுசா சாகல. பிடிவாதமா அங்கேயே வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் யோசிச்சுப் பாக்கவும் விரும்பல.

சீனி பாத்ததுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, அதை நேர விரயம்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. சீனி இறங்கினா ஒரு பக்கம் விழும், வாய் கோணும், வலிப்பு வரும், பைத்தியம் மாதிரி கத்துவாங்க, பாரிசவாதம் மாதிரியே இருக்கும். மலையில இது நிறைய பாப்போம், சீனி வியாதி மாத்திரையை போட்டுட்டு காலையில ஒண்ணும் திங்காம கொழுந்துக்கு போயிருவாங்க, பத்து மணிக்கு மலையிலயே விழுவாங்க. ஒரு அம்மாவை இப்படித்தான் கம்பளியில கட்டி தூக்கிட்டு வந்தாங்க, வலது கை கால் அசையவே இல்ல, சீனி 31 இருந்துச்சு, நரம்புல குளுக்கோஸ் ஏத்தினோம், ஊசி முடியிறதுக்குள்ள கண்ணை முழிச்சு "மிஸ்ஸி, என் கூடை எங்க"ன்னு கேட்டாங்க. அந்த அம்மாவுக்கு யாராவது அவசரப்பட்டு டியூப் போட்டிருந்தா? அதனால மயங்கின எவருக்கும் சீனி பாக்காம அடுத்த அடி வைக்கக் கூடாது. அத்தைக்கு சீனி 118ன்னு எழுதியிருக்கீங்க, அப்போ அந்தக் காரணம் போச்சு, அடுத்ததுக்கு போகணும்.

அடுத்தது அந்த கண்மணி. இங்கதான் விஷயம் சிக்கலாகுது, மாமாவோட மனசு புண்பட்டதும் இங்கதான், அதனால இதை கொஞ்சம் நின்னு சொல்றேன்.

டோர்ச் அடிச்சப்ப ரெண்டு கண்மணியும் ஊசி முனை மாதிரி சின்னதா இருந்துச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கு இல்லையா, மயக்கத்தோட ஊசிமுனைக் கண்மணி சேர்ந்து வந்தா எங்களுக்கு மூணு சமாச்சாரம் ஓடும். ஒண்ணு மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து, ரெண்டாவது ஹெரோயின் மாதிரி போதை, மூணாவது மூளைத்தண்டுல நடுவுல இருக்கிற பொன்ஸ்ங்கிற பகுதியில ரத்தக்கசிவோ அடைப்போ. நுவரெலியா, வெலிமடை, கந்தப்பளை பக்கம் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கோவா போடுற இடத்துல வீட்டுக்கு வீடு மருந்து போத்தல் இருக்கும். இலங்கையில ரொம்ப மோசமான மருந்துகளை 1995லயும் 1998லயும் தடை செஞ்சாங்க, 2008ல இருந்து இன்னும் சிலதை படிப்படியா நிறுத்தினாங்க, அதால செத்துப் போறவங்க தொகை நல்லா குறைஞ்சுச்சு, ஆனா இன்னும் விஷம் குடிச்சு வர்றவங்களை நாங்க பாக்குறோம். அதனால "மருந்து ஏதும் குடிச்சாங்களா"ன்னு கேக்காம இருக்க முடியாது. மாமாவை குத்தம் சொல்ல கேட்ட கேள்வி இல்ல அது. மூணுக்கும் வைத்தியம் வேற வேற. பூச்சிமருந்துன்னா அட்ரோபின், நெஞ்சு காயுற வரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா ரெட்டிப்பாக்கிட்டே போகணும். மூளைத்தண்டுன்னா அட்ரோபின்ல ஒரு பிரயோசனமும் இல்ல, சீடி ஸ்கேன் இருக்கிற இடத்துக்கு ஓடணும்.

எப்படி பிரிச்சு பாக்குறது? பூச்சிமருந்து குடிச்சவங்க உடம்பு பூரா ஒழுகும், எச்சி நூல் நூலா வழியும், வேர்த்து ஊத்தி ரவிக்கை நனைஞ்சிருக்கும், நெஞ்சுல காது வச்சா சளி கொதிக்கும், நாடி மெதுவா இருக்கும், தோல்ல கை வச்சா அடியில தசை புழு நெளியுற மாதிரி துடிக்கும், மூச்சுல பூண்டும் மண்ணெண்ணையும் கலந்த மாதிரி ஒரு வாடை. அத்தைக்கு தோல் காய்ஞ்சு இருந்திருக்கு, நெஞ்சு தெளிவு, வாடை இல்ல, பிரஷர் மட்டும் 210க்கு 110. அதோட ரெண்டு நாள் தலைசுத்து, வாந்தி, ஒண்ணு ரெண்டா தெரிஞ்சது. இந்தக் கடைசி மூணும் சேர்ந்தா அது பித்தம் இல்ல, பின்மூளைக்கு ரத்தம் கொண்டு போற பேசிலார்ங்கிற குழாய் கொஞ்சம் கொஞ்சமா அடைபடுறப்ப அடிக்கிற மணி. வாய் கோணுதா, கை விழுதா, பேச்சு குழறுதான்னு மட்டும் பாத்தா இதை தவற விட்டுருவோம், நடை தள்ளாடுதா, கண்ணு ரெட்டையா தெரியுதான்னும் பாக்கணும். விழுந்தப்ப வெட்டி இழுத்ததைக்கூட வலிப்புன்னு எல்லாரும் நினைச்சாங்க, மூளைத்தண்டு அடிபட்டா வலிப்பு மாதிரியே கை விறைச்சு இழுக்கும், அதுல அனுபவப்பட்டவங்களே ஏமாந்திருக்காங்க.

டிஸ்பென்சரியில பித்தம்னு சொன்னதை பத்தி எனக்கு கோவம் வரத்தான் செய்யுது, ஆனா அங்க இருக்கிற ஒருத்தரு ஒரு நாளைக்கு எத்தனை தலைசுத்து பாக்குறாருன்னும் எனக்குத் தெரியும். பிரஷர் இருக்கிறவங்களுக்கு புதுசா தலைசுத்தோட ஒண்ணு ரெண்டா தெரிஞ்சா அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரின்னு ஒரு வரி அந்தச் சுவத்துல எழுதி ஒட்டினா போதும்.

இப்போ டியூப்புக்கு வரேன். வெளிநாட்டுல போடுறாங்கன்னு சொன்னீங்க, உண்மைதான், சில இடத்துல. அதே வேலை ரெண்டு ஊர்ல ரெண்டு விதமா முடிஞ்ச கதையை கேளுங்க. அமெரிக்காவுல சான் டியாகோவுல பரமெடிக்மாருக்கு பயிற்சி குடுத்து, தலை அடிபட்டு மயங்கினவங்களுக்கு மயக்க மருந்தும் தசை தளர்த்துற மருந்தும் குடுத்து ரோட்டுலயே டியூப் போட வச்சாங்க. 2003ல முடிவு வந்தப்ப டியூப் போட்டவங்கள்ல 33 சதவீதம் செத்துப் போனாங்க, அதே மாதிரி அடிபட்டு டியூப் போடாம வந்தவங்கள்ல 24 சதவீதம். ஏன்னு தோண்டிப் பாத்தா, மெஷின் பதிவு இருந்த 54 பேர்ல 31 பேருக்கு டியூப் போடுற நேரத்துல ஒக்சிஜன் விழுந்திருக்கு, அதுல பெரும்பாலானவங்களுக்கு அதுக்கு முன்னால மாஸ்க்லயே ஒக்சிஜன் நல்லாதான் இருந்திருக்கு, போட்டவங்களை கேட்டா "லேசா போச்சு"ன்னுதான் சொல்லியிருக்காங்க! போட்டதுக்கு அப்புறம் பையை வேகமா வேற அமுக்கியிருக்காங்க. அப்புறம் 2010ல ஆஸ்திரேலியாவுல விக்டோரியாவுல 312 பேரை வச்சு அதே ஆராய்ச்சி, டியூப் போட்டவங்கள்ல 51 சதவீதம் பேர் ஆறு மாசத்துல நல்லா தேறியிருந்தாங்க, போடாதவங்கள்ல 39. அங்க நீண்ட பயிற்சி, மூச்சுல வர்ற கரியமில வாயுவை அளக்குற மெஷின், போட்டதுக்கு அப்புறமும் மயக்க மருந்து, எல்லாம் கட்டாயம். டியூப் ஒண்ணுதான் தம்பி, சுத்தி நிக்கிற ஆளும் சாமானும் பழக்கமும்தான் வேற.

பையை வேகமா அமுக்குனா என்னன்னு கேப்பீங்க. பயத்துல கை தானா வேகமாகும், எனக்கும் ஆகியிருக்கு. ஆறு செக்கனுக்கு ஒருக்கா, நெஞ்சு லேசா எழும்புற அளவுக்கு அமுக்கினா போதும். வேகமா அமுக்கினா ரத்தத்துல கரியமில வாயு இறங்கும், அது இறங்கினா மூளையோட ரத்தக்குழாய் சுருங்கும், ஏற்கனவே ரத்தம் போகாத மூளைக்கு இருக்கிறதையும் நாமளே அடைச்ச மாதிரி ஆயிரும். அதோட காத்து வயித்துக்குள்ள போய் வாந்தி வரும். அத்தைகூட வந்தவரு உதட்டுக்குள்ள எண்ணிக்கிட்டே அமுக்கினாருன்னு உங்க தங்கச்சி சொன்னாங்கன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அதை வாசிச்சப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

மயக்கம் எவ்வளவு ஆழம்னு பாக்க ஜிசிஎஸ்னு ஒரு அளவு இருக்கு, 1974ல கிளாஸ்கோவுல ரெண்டு டொக்டர்மார் கொண்டு வந்தது, இப்போ அது மூணுல இருந்து பதினஞ்சு வரைக்கும், குறையக் குறைய மயக்கம் ஆழம். எட்டுக்கு கீழ போனா டியூப் போடுன்னு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ணிட்டு வர்ற பிள்ளைங்களை நான் பாக்குறேன். தலை அடிபட்டவங்களை வச்சு வந்த பழக்கம் அது, எல்லா மயக்கத்துக்கும் பொருந்தாது. பிரான்ஸ்ல விஷமோ குடியோ மாத்திரையோ காரணமா மயங்கி ஜிசிஎஸ் ஒம்பதுக்கு கீழ வந்த 225 பேரை வச்சு பாத்தாங்க, 2023ல முடிவு வந்துச்சு, உடனே போடாம கவனிச்சுக்கிட்டே காத்திருந்தவங்களுக்குத்தான் பிரச்சனை குறைவு. நம்பரை பாத்து முடிவெடுக்காம இந்த ஆளு மூச்சை தானே காப்பாத்திக்கிறாரா, வாந்தி உள்ள போகுமா, இன்னும் எவ்வளவு தூரம் போகணும், காரணம் பத்து நிமிஷத்துல சரியாகுற ஒண்ணா, இதையெல்லாம் பாத்துதான் முடிவெடுக்கணும்.

நம்ம மலையில இன்னும் ஒண்ணு. 1990 சுவசெரிய 2016ல மேல் மாகாணத்துலயும் தென் மாகாணத்துலயும் தொடங்கி அப்புறம்தான் நாடு பூரா வந்துச்சு, அதுக்கு முன்னால எங்க அப்பாவை எல்லாம் கொழுந்து லொறியிலதான் கொண்டு போனோம். அந்த வண்டியில ரெண்டு பேர், ஒருத்தரு ஓட்டணும், ஒருத்தரு நோயாளிகூட. மருந்து குடுத்து மூச்சை நிறுத்தி டியூப் போடணும்னா ஒருத்தர் போட, ஒருத்தர் சாமான் நீட்ட, ஒருத்தர் நாடியும் பிரஷரும் பாக்க, கூடவே உறிஞ்சுற மெஷின், போகலன்னா அடுத்து என்னன்னு ஒரு திட்டம். வளைவுக்கு வளைவு ஆடுற வண்டியில, ஒத்தை ஆளா, முழங்கால்ல நின்னுக்கிட்டு ஒருத்தரோட மூச்சை நிறுத்திட்டு டியூப் போகலன்னா அந்த ஆளு அங்கேயே போயிருவாங்க. மாஸ்க்கும் பையும் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கிறப்ப அதை கெடுக்காம கொண்டு போய் சேக்குறதுதான் புத்தி. ஒக்சிஜன் 84ல இருந்து 96க்கு வந்து கடைசி வரைக்கும் அங்கேயே நின்னுச்சுன்னு ரிப்போர்ட்ல இருக்கு. மூளைக்கு காத்து போயிருக்கு தம்பி.

"அப்போ ஆஸ்பத்திரில மட்டும் ஏன் போட்டாங்க?" மூளைத்தண்டு அடிபட்டா நாக்கு, தொண்டை, விழுங்குற தசை எல்லாம் செயலிழக்கும், எச்சியைக்கூட விழுங்க முடியாது, அது கொஞ்சம் கொஞ்சமா நெஞ்சுக்குள்ள இறங்கும். ஸ்கேன் மெஷினுக்குள்ள படுக்க வச்சு கண்டி வரைக்கும் கொண்டு போகணும்னா டியூப் வேணும்தான். அங்க மயக்க டொக்டர் இருந்தாரு, நாலு கை இருந்துச்சு, பிரஷரை விழ விடாம பாத்துக்க மருந்து இருந்துச்சு. அடைபட்ட குழாய்ல ஒழுகிற கொஞ்ச ரத்தத்துலதான் அந்த மூளை உசிரோட இருக்கும், டியூப் போடுறப்ப பிரஷர் விழுந்தா அதுவும் போயிரும். வேணும்ங்கிறதுல சந்தேகம் இல்ல, எங்க, யாரு, எப்போங்கிறதுதான் பேச்சு.

தளர்த்துற மருந்து விஷயத்துலயும் காரணம் தெரியாம கை வைக்கக் கூடாதுன்னு ஒண்ணு இருக்கு. சக்சமெத்தோனியம்னு சீக்கிரம் வேலை செஞ்சு சீக்கிரம் அடங்குற மருந்து, பூச்சிமருந்து குடிச்சவங்க உடம்புல அதை உடைக்கிற பொருள் வேலை செய்யாது, அதனால சில நிமிஷத்துல அடங்க வேண்டியது மணித்தியாலக் கணக்குல நிக்கும். கால்ல இருந்து மேல ஏறி வர்ற வாதம் வந்து நாள் கணக்கானவங்களுக்கு குடுத்தா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயமே நிக்கலாம். அந்த மேல ஏறுற வாதக்காரங்களுக்கு ஒக்சிஜன் நம்பர் கடைசி வரைக்கும் 98ன்னு ஏமாத்தும், ஒரே மூச்சுல எத்தனை வரைக்கும் எண்ண முடியுதுன்னு கேளுங்க, இருபது வரைக்கும் எண்ணினவரு பத்துக்கு வந்துட்டாருன்னா மூச்சுத் தசை களைச்சுப் போகுதுன்னு அர்த்தம். நம்பர் ஏமாத்துற இன்னொரு இடம், குளிருக்கு பூட்டின அறையில கரி அடுப்பு வச்சுட்டு தூங்கினவங்க. விரல் மெஷின் 99 காட்டும், ஆனா ரத்தத்துல இருக்கிறது நச்சுப்புகை. வீட்டுல எல்லாருக்கும் தலைவலின்னா முதல்ல கதவைத் தொறந்து எல்லாரையும் வெளிய இழுங்க.

சரி, இந்த பதிலை நான் எழுத உக்காந்ததே உங்க கடைசி வரிக்காகத்தான். "கண்ணு தொறந்திருக்கு, கூப்பிட்டா ஒண்ணும் இல்ல"ன்னு எழுதியிருந்தீங்க.

பொன்ஸோட முன்பக்கத்துலதான் கை, கால், முகம், நாக்கு எல்லாத்துக்கும் போற நரம்புப் பாதை ஓடுது. முழிப்பை குடுக்குற பாகம் அதுக்கு பின்னாலயும் மேலயும் இருக்கு. முன்பக்கம் மட்டும் அடிபட்டா ஆள் முழிச்சிருப்பாங்க, கேப்பாங்க, புரியும், ஆனா விரல் நுனியைக்கூட அசைக்க முடியாது. கண்ணை இடது வலதா திருப்பவும் முடியாது, மேல கீழ பாக்குறதும் இமையை மூடித் தொறக்குறதும் மட்டும் மிஞ்சும், ஏன்னா அதை ஓட்டுற பாகம் இன்னும் மேல நடுமூளையில இருக்கு. 1966ல இதுக்கு பூட்டப்பட்ட நிலைன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேரு வச்சாங்க. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு அது மயக்கம் மாதிரியேதான் இருக்கும்.

பல வருஷத்துக்கு முன்னால ஒரு சின்ன ஆஸ்பத்திரியில இருந்து ஒருத்தரை கண்டிக்கு கொண்டு போனேன், ஃபெக்டரியில வேலை செஞ்ச 52 வயசுக்காரரு. கோமான்னு எழுதியிருந்துச்சு. டியூப் போட்டாச்சு, மயக்க மருந்து, தளர்த்துற மருந்து ரெண்டும் குடுத்தாச்சு. கினிகத்தேனை தாண்டி இறங்குறப்ப பிரஷர் விழுந்துச்சு, அதனால மயக்க மருந்தை குறைச்சோம். நாவலப்பிட்டி வர்றப்ப நாடி 130, பிரஷர் மேல ஏறுது, ரெண்டு கண் ஓரத்துலயும் தண்ணி. கண்ணு காய்ஞ்சு தண்ணி விடுதுன்னு நினைச்சு துடைச்சுவிட்டேன். மயக்க மருந்து கால் மணித்தியாலத்துல தெளியும், தளர்த்துற மருந்து ஒரு மணித்தியாலம் வரைக்கும் நிக்கும், அந்த இடைவெளியில ஒருத்தரு முழு முழிப்புல, தன்னால மூச்சுகூட விட முடியாம படுத்திருப்பாருன்னு படிச்சவதான் நான். அன்னைக்கு என் மண்டையில அது ஓடல. பத்தாததுக்கு நானும் ட்ரைவரும் "இவரு தேற மாட்டாரு, சின்னப் பிள்ளைங்க வேற இருக்கு"ன்னு அவரு தலைமாட்டுலயே கதைச்சுக்கிட்டு போனோம்.

கண்டியில ஒரு டொக்டர் அவரு முகத்துக்கு நேரா குனிஞ்சு, இமையை விரலால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "ஐயா, மேல பாருங்க"ன்னாரு. பாத்தாரு. "கீழ பாருங்க." பாத்தாரு. அந்த அறையில எல்லாரும் அப்படியே நின்னுட்டோம். ரெண்டு மாசம் கழிச்சு அவரோட மக எழுத்து அட்டையை காட்டிக் காட்டி, அன்னைக்கு வண்டியில எப்படிப்பா இருந்துச்சுன்னு கேட்டிருக்கு. அவரு ஒரே ஒரு சொல்தான் சொன்னாராம். குளிர். வீட்டுல இருந்து போத்திட்டு வந்த கம்பளியை நாங்க ஆஸ்பத்திரியிலயே வச்சுட்டு வந்துட்டோம், ஒரு மெல்லிசு துணிதான் அவரு மேல இருந்துச்சு. அந்தப் பிள்ளை இதை என்கிட்ட கோவமா சொல்லல, அதுதான் இன்னும் தாங்கல.

அதுல இருந்து கோமான்னு எழுதியிருக்கிற எவரா இருந்தாலும் முதல்ல பேரு சொல்லிக் கூப்பிட்டு மேல பாக்கச் சொல்லுவேன், என்ன செய்யப் போறோம்னு சொல்லிட்டுதான் தொடுவேன், தளர்த்துற மருந்து ஓடுற வரைக்கும் மயக்க மருந்தை நிறுத்த விட மாட்டேன், பிரஷர் விழுந்தா அதுக்கு வேற மருந்து கேப்பேன்.

அத்தைக்கும் அப்படித்தான் இருக்கும்னு நான் சொல்லல, உண்மையிலயே ஆழ்ந்த மயக்கமாவும் இருக்கலாம், மருந்துத் தூக்கமாவும் இருக்கலாம். ஆனா கேட்டுப் பாக்கணும். நாளைக்கு போறப்ப டொக்டர்கிட்ட "தூக்க மருந்து நிறுத்தியாச்சா, மேல கீழ பாக்கச் சொல்லி பாத்தீங்களா"ன்னு மரியாதையா கேளுங்க. அவங்க சம்மதிச்சா நீங்களும் முகத்துக்கு நேரா நின்னு, ஒரு தடவை சொல்லிட்டு பத்து செக்கன் காத்திருந்து பாருங்க, இந்த மாதிரி நோயாளிக்கு நேரம் எடுக்கும், சீக்கிரம் களைச்சுப் போவாங்க, காலையில இல்லாதது சாயந்தரம் இருக்கும். மேல பாத்தாங்கன்னா, மேல பாத்தா ஆமா, கண்ணை மூடினா இல்லன்னு பேசி வச்சுக்கலாம். அதை எழுதி கட்டில் தலைமாட்டுல ஒட்டுங்க, ஷிஃப்ட் மாறி வர்ற மிஸ்ஸிமாருக்கும் தெரியணும். பிறகு எழுத்து அட்டை செய்யலாம், முழு எழுத்தையும் போடாம உயிர் எழுத்து ஒரு பக்கம், மெய் எழுத்து ஒரு பக்கம்னு வரிசை வரிசையா எழுதி, எந்த வரிசைன்னு முதல்ல கேட்டு அப்புறம் எழுத்துக்கு போங்க. அத்தை கண்ணாடி போடுறவங்கன்னா அதையும் கொண்டு போங்க. மாமாவையும் கூட்டிட்டு போங்க, அந்தக் கேள்வி ஏன் கேட்டாங்கன்னு நான் எழுதினதை முதல்ல அவருக்கு வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் அவரை அத்தை பக்கத்துல நிக்க வச்சு வழக்கமா வீட்டுல பேசுற மாதிரியே பேசச் சொல்லுங்க, கொழுந்து விலை, ஆடு குட்டி போட்டது, எதுவானாலும் சரி. அந்த ஐசியு ஏசி ரொம்பக் குளிரும், முதல் கேள்வியா குளிருதான்னு கேளுங்க.